அந்தக் கிண்ணத்தை ஒருவராவது திறந்து பார்த்தீர்களா

பிரபு,

நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கோபத்தை முதலில் எழுதிவிடுகிறேன். ஆறின பிறகு எழுத உட்கார்ந்தால் பாதியை விட்டுவிடுவேன், நீ தப்பித்துக்கொள்வாய். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று நடுவிலேயே முடித்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மைதானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை நிறுத்த இடம் தேடும் ஒரு லாரிக்காரர் அதைக் கேட்கிறார் என்பது உனக்குத் தெரியும். செயலாளர் தணிகாசலம் எழுந்து நின்று, என்னைப் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துப் பேசினார். “மைதானத்துல முட்டி ஒசரம் புல்லு நிக்கிது. பாம்பு வேற வருதுன்றாங்க. இத்தினி நாளு டீச்சரம்மா பாத்துகினு இருந்தாங்க, இல்லேங்கல. இனிமே அவங்களால முடியாது. இத்த நானா சொல்லல. அவங்க புள்ளையே போன் போட்டு சொல்ட்டாரு. அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அந்த புல்லு வெட்ற மெஷினும் கதை முடிஞ்சிபோச்சு, அவங்கள இதுலேர்ந்து வுட்டுடுங்கன்னு.”

கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பின்னால் யாரோ, “பாவம், அவங்களுந்தான் எவ்ளோ நாளு இழுப்பாங்க,” என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். எத்தனையோ பட்டப்பெயர் கேட்டிருக்கிறேன், எதுவும் என்னைத் தொட்டதில்லை. அந்தப் ‘பாவம்’ தொட்டது. அதை என் தலையில் கொண்டுவந்து வைத்தது நீ.

“தணிகாசலம், நான் இங்கேதான் உக்காந்திருக்கேன். என்னால முடியுமா முடியாதான்னு என்னைக் கேளுங்க,” என்றேன்.

“இன்னா டீச்சரம்மா கோச்சிக்கிறீங்க? புள்ள நல்லதுக்குத்தான சொல்லுது,” என்றார். பிறகு கூட்டத்துக்குப் பெரிய மனது பண்ணுவதுபோல, “சரி, அடுத்த ஞாயிறு காலைல கமிட்டி நேருல வந்து பாக்கட்டும். புல்லு இப்டியே நின்னுகினு இருந்தா மைதானத்து கேட்டு சாவிய லாரிக்காரரு கையில குடுத்துடுவோம். அத்தோட பேச்சு முடிஞ்சிது,” என்றார்.

அந்த மைதானம் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நீ மறந்துவிட்டதால் சொல்கிறேன். தொழிற்சாலையை மூடி, குடியிருப்பு வீடுகளை வேலை செய்தவர்களுக்கே எழுதிக் கொடுத்தபோது அந்த ஒரு துண்டு நிலம்தான் பொதுவில் வந்தது. தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் அதிகாரிகளுக்காகப் புல்தரை வைத்திருந்தார்கள் அல்லவா, அதை வெட்டிக்கொண்டிருந்த மெஷினை உங்கப்பா கேட்டு வாங்கி ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தெருவே சிரித்தது. நீயும் வண்டியின் பின்னால் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாய். அவர் இருந்தவரை அவர் ஓட்டினார். அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். அங்கே இப்போது பெண் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். என்னிடம் படித்த தேவி, காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து விற்றுவிட்டு, சாயங்காலம் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். பாதிப் பேருக்குக் காலில் பூட்ஸ் கிடையாது. ஆள் வைத்து அரிவாளால் வெட்டிவிடலாமே என்று நீ ஒருமுறை கேட்டாய். அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை ஈட்டிபோல நிற்கும். வெறும் பாதத்தோடு அதன்மேல் ஓடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து பேசு. வடக்கே எண்ணூரிலிருந்து தெற்கே காசிமேடு வரை இந்தப் பக்கத்தில் இரும்பும் லாரியும் நிற்காத தரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசு.

மெஷின் ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். பேத்திக்குக் காது குத்த சிறுசேரிக்கு வந்தேன். “இன்னும் நாலு நாள் இரும்மா, இங்க காத்து நல்லா இருக்கு,” என்று நீ நிறுத்தி வைத்தாய், நானும் ஆசையாக இருந்தேன். அது குற்றமில்லை. கிளம்பும் அவசரத்தில் டேங்கில் இருந்த பெட்ரோலை வடிக்காமல் வந்தேன், அது என் பிழை. அதற்குள் இங்கே மழை பிடித்துக்கொண்டது, புல் எழும்பிவிட்டது. என்னைக் கொண்டுவந்து விட நீ வந்த அன்று நான் மெஷினை வெளியே இழுத்துக் கயிற்றை இழுத்தேன். ஒருமுறை பிடித்து, வெள்ளையாகப் புகை கக்கிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தேன், பிடிக்கவில்லை. நீ காரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

“விடும்மா. இன்ஜின் போயிடுச்சு.”

“எதை வச்சுடா சொல்ற?”

“சத்தத்தை வச்சுதான். இது எந்தக் காலத்து மெஷின், நீயே பாரு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற.”

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது உண்மை. கயிறு இழுத்த எவரும் இடுப்பைப் பிடிப்பார்கள், இருபது வயதுக்காரனும் பிடிப்பான். ஆனால் நீ மெஷினைப் பற்றிச் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று மாலையே நீ தணிகாசலத்துக்குப் போன் போட்டிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் நீ அனுப்பிய மெக்கானிக் வந்தான். இரண்டு தரம் கயிறு இழுத்தான், காலால் ஒரு தட்டுத் தட்டினான். “இத்த காயலாங்கடைக்குத்தான் போடணும்,” என்றான். எங்கே பழுது என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா. வூட்ல ஆம்பள யாராவது கீறாங்களா? அவங்களாண்ட பேசிக்கிறேன்,” என்றான். என்னிடம் பேசினால் போதும் என்றேன். அவன் உன் நம்பர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என் கோபம் இதுதான், பிரபு. நீ ஒரு திருகாணியைக் கழற்றவில்லை. அவனும் கழற்றவில்லை. தணிகாசலம் மெஷின் நிற்கும் கொட்டகைப் பக்கமே வரவில்லை. ஆனால் மூன்று பேரும் கதை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மாணவனின் விடைத்தாளைப் பிரிக்காமலே பூஜ்யம் போடுகிற ஆசிரியரை நீ என்ன சொல்வாய்? அதைத்தான் உங்கள் மூன்று பேரையும் நான் சொல்கிறேன்.

நீ என் வகுப்பில் உட்கார்ந்தவன். எட்டாம் வகுப்பில் நான் செய்து காட்டுவேனே, தண்ணீர் டம்ளரில் ஒரு உறிஞ்சுகுழலை நிறுத்தி, அதன் வாய்க்கு நேராக இன்னொரு குழலால் ஊதினால் தண்ணீர் தானாக மேலே ஏறிச் சாரலாகத் தெறிக்கும். முன் பெஞ்சில் இருந்த உன் சட்டைதான் ஒவ்வொரு முறையும் நனையும். கார்புரேட்டர் அவ்வளவுதான். காற்று வேகமாகப் போகிறது, பெட்ரோல் மெல்லிய ஓட்டை வழியாக ஏறி அதில் கலக்கிறது, கலவை இன்ஜினுக்குள் போய்ப் பற்றுகிறது. டம்ளருக்குப் பதில் அடியில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க ஒரு மிதவை. நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து செய்யும் அதே வேலை. மெல்லிய ஓட்டைக்கு ஜெட் என்று பெயர். நூல் நுழையாத ஓட்டை. அது அடைத்துக்கொண்டால் யானை மாதிரி இன்ஜினாக இருந்தாலும் பட்டினிதான்.

அதனால் திங்கட்கிழமை காலை கொட்டகையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் தொடவைத்துக் கயிறு இழுத்தேன். நீலமாகப் பொறி வந்தது. ஆகவே நெருப்பு இருக்கிறது. காற்று வடிகட்டியைத் திறந்தேன். சாம்பல். நம் ஊர் அனல்மின் நிலையச் சாம்பல்தான், கொடியில் காயும் துணியில் உட்காருமே, அதே நரைத்த மாவு அந்தப் பஞ்சு முழுக்க அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சொட்டு எண்ணெய் விட்டுப் பிழிந்து வைத்தேன். இனிக் காற்றும் இருக்கிறது. அடுத்து, ஒரு தேக்கரண்டி நல்ல பெட்ரோலைக் கார்புரேட்டரின் வாய்க்குள் விட்டு இழுத்தேன். பட்பட்டென்று பிடித்து, அந்தக் கரண்டி தீர்ந்ததும் நின்றது. இதற்குமேல் ஒரு இயந்திரம் எப்படிச் சொல்லும்? எனக்கு உயிர் இருக்கிறது, சாப்பாடுதான் வரவில்லை என்று சொல்கிறது. நீ சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தாயே, இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

பெட்ரோல் குழாயின் திறப்பை மூடிவிட்டு, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்றினேன். கிண்ணம் கையோடு வந்தது. அடியில் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது; கடற்காற்று ஊரில் மூடிவைத்த டேங்க் வியர்க்கத்தான் செய்யும். பக்கவாட்டில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. ஆனால் வாசனைதான் என்னை நிறுத்தியது. பெட்ரோல் வாசனை இல்லை. மண்ணெண்ணெய்.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தேவி வந்தாள். மீன் கூடையைக் கொட்டகைக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“இன்னா டீச்சர், இன்னும் அத்தோட மல்லு கட்டிகினு கீறீங்க?”

“உள்ள வா. இதை மோந்து பாரு.”

அவள் வரவில்லை. “மோந்து பாக்கத் தேவல்ல. அது எங்கண்ணன் போட்டுல ஊத்துற கேனு.”

“என்னது?”

“நீங்க புள்ள வூட்டுக்குப் பூட்டீங்க. புல்லு ஏறிகினே போவுது. பசங்க பந்தத் தேடத்தான் நேரம் போவுதே தவிர ஆட்டம் எங்க ஆடறது? சரி, நம்பளே ஓட்டிப் பாப்போம்னு எடுத்தேன். டேங்குல கொஞ்சந்தான் கீது. அண்ணன் கேன கொணாந்து ஊத்திட்டேன். எங்க போட்டு அதுலதான ஓடுது. இது பொகைய கக்கிட்டு நின்னுபோச்சு.”

மீன்பிடி ஊரான காத்திவாக்கத்தில் பிறந்தவள் மட்டும் செய்யக்கூடிய தவறு அது. அவள் அண்ணனின் படகு இன்ஜின் பெட்ரோலில் கிளம்பும், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அவர்கள் வீட்டில் இன்ஜின் என்றால் மண்ணெண்ணெய் குடிப்பது. என் மெஷின் அதைக் குடிக்காது. குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் பற்றாது, வெள்ளைப் புகையாகத்தான் வரும். கிண்ணத்தில் முன்பே காய்ந்திருந்த பிசினும் இதுவும் சேர்ந்து ஓட்டையை அடைத்துவிட்டன.

“ஏன் வந்தன்னைக்கே சொல்லல?”

“சொல்லலாம்னுதான் வந்தேன். உங்க புள்ள கார்ல சாஞ்சிகினு நின்னுகினு இருந்தாரு. இன்ஜினே பூட்ச்சின்னாரு. அப்டியே திரும்பிப் பூட்டேன். நம்பளாலதான் பூட்ச்சின்னு நெனச்சிகினு ரெண்டு நாளா மீனு கூட சரியா கூவி விக்கல. திட்டறதுன்னா திட்டிடுங்க டீச்சர்.”

“திட்ட நேரமில்ல. உக்காரு. இந்த மிதவையப் பிடி.”

திட்டவில்லை. ஏன் என்று நீ யோசிக்க வேண்டும். அவள் தப்பாகச் செய்தாள், வந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நீ நல்லது என்று நினைத்துச் செய்தாய், அதை என்னைத் தவிர மற்றவரிடம் சொன்னாய். இந்த இரண்டில் எதை மன்னிப்பது சுலபம்?

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தோம். வெளிச்சம் வரவில்லை. தேவி ரவிக்கையிலிருந்து ஊக்கை எடுத்துவிட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஜெட் பித்தளை, ஊக்கு இரும்பு. குத்தினால் ஓட்டை பெரிதாகும், அப்புறம் அளவில்லாமல் பெட்ரோல் ஊற்றும், கருப்பாகப் புகையும், ஒருநாளும் சரிவராது. இரவு முழுக்க நல்ல பெட்ரோலில் ஊறப்போட்டு, மறுநாள் பழைய மின்கம்பியைச் சீவி ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து, வலிக்காமல் விட்டு எடுத்தேன். ஊதினேன். மறுபடி ஊறப்போட்டேன். ஒரு சொட்டு அளவு வானம் அந்த ஓட்டையில் தெரிந்தபோது தேவி என் தோளில் அடித்தாள். அடித்துவிட்டு, “சாரி டீச்சர்,” என்றாள்.

டேங்கைக் கழுவி வடித்தோம். கிண்ணத்தை மாட்டப் போனால் அதன் விளிம்பில் இருந்த வாஷர் கையோடு பிய்ந்து வந்தது. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். காலையில் பார்த்தால் பெட்ரோலில் ஊறி அப்பளம் மாதிரி உப்பிக் கிடக்கிறது, தரையெல்லாம் ஒழுகியிருக்கிறது. “டீச்சர், நீங்களே இப்டி பண்ணா நான் போட்டு கேன ஊத்துனதுல இன்னா தப்பு?” என்று தேவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவளே காசிமேட்டில் படகு சாமான் விற்கும் கடையிலிருந்து, இன்ஜின் மூட்டுகளில் ஒழுகாமல் வைக்கும் பேக்கிங் காகிதம் கொண்டுவந்தாள். கிண்ணத்தின் வாயை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினேன். ஒழுகல் நின்றது, ஆனால் அது நெடுநாள் தாங்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கயிறு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. காற்றை மறிக்கும் சோக்கை மெதுவாகத் தள்ளித் திறந்தேன். நிற்கவில்லை. மைதானத்தில் பந்தைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சத்தம் கேட்டு ஓடிவந்து கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கு ஒரு அரிவாள் கொண்டுவந்து உயர்ந்த புல்லை முதலில் அரிந்து போட்டார்கள். பாம்பு ஒன்றும் வரவில்லை. ஒரு கீரி ஓடியது. பிறகு நான் மெஷினின் கத்தியை உயரமாக வைத்து ஒரு சுற்று, தாழ்த்தி ஒரு சுற்று. நடுவில் கை ஓய்ந்தபோது தேவி ஓட்டினாள். அப்போது நான் மரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்தேன். என்னால் எது முடியும், எது முடியாது என்பது எனக்குத் தெரியும், பிரபு. உட்கார வேண்டிய நேரத்தில் உட்காரத் தெரியும். நீ யாரிடமும் போன் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று காலை கமிட்டி வந்தது. கோல்கம்பத்தை ஒட்டி ஒரு ஓரம் மட்டும் வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தேன். அவர்கள் கண்ணெதிரே அதை வெட்டினேன். தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் நடந்து பார்த்தார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. வெட்டி முடித்து மெஷினைக் கொட்டகை வாசலுக்குத் தள்ளி வந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் திறப்பை மூடினேன். கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு, தானே நிற்க விட வேண்டும். அப்போதுதான் உள்ளே எதுவும் தங்கிப் பிசினாகாது, அடுத்த முறை இழுத்ததும் பிடிக்கும். ஊருக்குக் கிளம்பிய அன்று நான் செய்யாமல் விட்டது இதையும்தான். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, விக்கி, நின்றது.

தணிகாசலம் கூட வந்தவர்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். “இன்னா டீச்சரம்மா, நின்னுபோச்சா?”

“நான் நிறுத்தினேன்,” என்றேன்.

பின்னால் தேவி சிரித்தாள். கமிட்டியில் இருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர் சாவிக் கொத்தைக் கையில் ஒருமுறை குலுக்கிவிட்டு மறுபடி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “சரி, பசங்க ஆடட்டும். ஆனா உங்க புள்ள சொன்னது சங்கத்து மினிட் புக்குல ஏறிட்டுது. நாளைக்கு லாரிக்காரரு வந்து கேட்டா நான் அத்ததான் காட்டணும். புள்ளையே வந்து மாத்திச் சொல்லட்டும்,” என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். நான் சொன்னால் அந்த வரி மாறாது. என்னைப் பற்றி நீ சொன்ன வரிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு, நான் என்னைப் பற்றிச் சொல்வதற்கு இல்லை. இந்த அநியாயத்தை நீதான் உண்டாக்கினாய், நீதான் சரி செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நீ நேரில் வருகிறாய். எழுந்து நின்று, மின்விசிறியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, அம்மாவைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல்கிறாய். வரும் வழியில் வண்டி உதிரிப்பாகம் விற்கும் புதுப்பேட்டையில் இறங்கி, இந்தக் கார்புரேட்டர் கிண்ணத்துக்குச் சரியான வாஷர் ஒன்று வாங்கி வா. பழையதைக் காகிதத்தில் மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அளவுக்கு.

மாட்டப் போவது நீ. முக்காலி போட்டு வைக்கிறேன். பேத்தியையும் கூட்டி வா, அவளுக்கு இரண்டு உறிஞ்சுகுழல் எடுத்து வைத்திருக்கிறேன். காது புண் ஆறிவிட்டதா?

அம்மா